இறந்த தேதி: பொருந்தாது

தாலுக்கா ஆபீஸில் மனுவை வாங்கிய கிளார்க் பிரிசில்லா இரண்டாவது கட்டத்திலேயே நின்றுவிட்டாள். தலையைத் தூக்கி உத்திராபதியைப் பார்த்தாள். அவரைத் தெரியாதவர்கள் அங்கே இல்லை. செம்மண்டலத்தில் பாதிப் பேருடைய மனு அவர் கையெழுத்தில்தான் வரும். ஓய்வு பெற்ற வாத்தியார், ஒரு பிழை இருக்காது. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

"சித்தார்த் உங்க பையன்தானே சார்? அமெரிக்காவுல இருந்தாரே... எப்ப சார் ஆச்சு?"

"என்னாம்மா ஆச்சு? நல்லாதான் இருக்கான். காலையிலகூட பேசுனான்."

நர்சிங் மேற்படிப்புக்குப் போன பையன் அங்கேயே பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான். சேர்ந்தால் சீக்கிரம் குடியுரிமை கிடைக்கும், ஆஸ்பத்திரி வேலைதான், துப்பாக்கியெல்லாம் மற்றவர்கள் பாடு என்றான். மனைவி லோகநாயகி நம்பினாள். அவரும் நம்பினார், நம்புவது வசதியாக இருந்தது. அடுத்த வாரம் ஆப்கானிஸ்தானுக்கு அனுப்புகிறார்களாம். "எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா பணமெல்லாம் யாருக்குச் சேரணும்னு கேக்குறாங்கப்பா. உங்க பேரும் அம்மா பேரும் குடுத்துட்டேன். நீங்கதான் அப்பா அம்மான்னு ஒரு பேப்பர் இருந்தா அனுப்புங்க" என்று காலையில் போனில் சொன்னான். யாருக்குச் சேர வேண்டும் என்றால் வாரிசு. வாரிசு என்றால் வாரிசுச் சான்றிதழ். எத்தனை வீட்டுக்கு எழுதிக்கொடுத்த கை! ஜெராக்ஸ் கடையில் பாரம் வாங்கி, நின்றபடியே கடகடவென்று நிரப்பிவிட்டார்.

பிரிசில்லா பாரத்தை அவர் பக்கம் திருப்பினாள். "இது ஆளு செத்தாத்தான் சார் குடுப்போம். உங்களுக்குத் தெரியாததா? ரேஷன் கார்டுல அவுரு பேரு இருக்குமே, அதை அனுப்புங்க, போதும்."

'இறந்தவரின் பெயர்' என்ற அச்செழுத்துக்கு எதிரே, முத்து முத்தாக, உ. சித்தார்த். அதற்குக் கீழே 'இறந்த தேதி': பொருந்தாது. அதை எழுதும்போதுகூட உறைக்கவில்லை. இப்போது அந்த இரண்டு வரிகளையும் மறுபடி படித்தார். ஆஸ்பத்திரி வேலைக்குப் போகிறவனிடம் எதற்கு இதையெல்லாம் கேட்கிறார்கள்?

"கிழிச்சுப் போட்டுடுங்க சார்."

பையன் பெயர் எழுதிய காகிதத்தை எப்படிக் கிழிப்பது? லோகநாயகி இருக்கிற வீட்டுக்கும் இதைக் கொண்டுபோக முடியாது.

பின்னால் வரிசையில் நின்றவர்கள் முனகினார்கள். உத்திராபதி பேனாவைத் திறந்தார். 'இறந்தவரின்' என்ற சொல்லை மட்டும் அடித்தார். அடித்ததன் மேலேயே திரும்பத் திரும்ப அடித்தார். அந்த இடத்தில் காகிதம் ஓட்டையாகி, பக்கத்தில் 'பெயர்: உ. சித்தார்த்' என்பது மட்டும் நின்றது.