காலியாய்த் திரும்பும் தட்டு

போன மாதம் இறுக்கிப் பிடித்த சட்டை இந்த மாதம் ஆணியில் மாட்டியது போலத் தம்பியின் தோளில் தொங்கியது. அனீஸா அந்தத் தோளைத் தொட்டாள், எலும்புதான் கையில் தட்டுப்பட்டது. ஜாஃபர் சாதிக்கோ எதுவுமே நடக்காதவன் போல "லாத்தா" என்று சிரித்துவிட்டு, அவள் கைப்பைக்குள் தலையை விட்டுத் துழாவினான். முப்பது வயது ஆள். பேச்சு ஆறேழு சொல்தான். அதில் அக்காவைக் கூப்பிடும் சொல்லுக்குத்தான் வேலை அதிகம்.

உம்மா மவுத்தான பிறகு அவனைத் தன்னோடுதான் வைத்திருந்தாள் அனீஸா. இப்போது மஸ்கட்டுக்குக் கணவனிடம் போயாக வேண்டும். ஜாஃபருக்கு விசா கிடைக்கவில்லை. ஊரெல்லாம் விசாரித்து, போன மாதம்தான் நன்னிலத்துக்கு வெளியே வயலை ஒட்டியிருந்த இந்தச் சின்ன இல்லத்தில் சேர்த்தாள். மனவளர்ச்சி குன்றியவர்கள் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை விமானம். அதற்குள் அவனை இப்படி எலும்பும் தோலுமாகப் பார்க்க நேர்ந்தால் எந்த அக்காதான் நிம்மதியாக விமானம் ஏறுவாள்?

"நல்லாத்தாம்மா சாப்பிடுறாரு," என்றார் இல்லத்தை நடத்தும் மனோகரன். "தட்டு ஒருநாளும் மிச்சத்தோட திரும்புனதில்ல. வேணும்னா அமிர்தத்தக் கேளுங்க."

"கழுவுறவ நான்தானே," என்றாள் ஆயா அமிர்தம். "தொடச்சு வச்ச மாதிரி இருக்கும் அவரு தட்டு."

சாப்பிடுகிறவன் எதற்கு இளைக்கிறான்? அடிக்கிறார்களோ? தம்பியின் சட்டையைத் தூக்கி முதுகைப் பார்த்தாள். அவன் கூச்சத்தில் நெளிந்தான். ஒரு கீறல்கூட இல்லை. அதைப் பார்த்தும் அவள் மனம் ஆறவில்லை. அப்போதுதான் பக்கத்துக் கட்டில்காரன் தியாகு கண்ணில் பட்டான். கோடியக்கரையில் மீன்பிடிக்கும் குடும்பத்துப் பிள்ளை. கன்னம் உப்பி, பனியன் தொப்புளுக்கு மேலே ஏறி நின்றது.

ஓஹோ, இதுதானா சங்கதி என்று பல்லைக் கடித்தாள் அனீஸா. என் தம்பி வாயிலிருந்து பிடுங்கித் தின்று வளர்ந்த உடம்பு. மத்தியானம் தம்பி சாப்பிடும்போது கூட இருந்து பார்க்க வேண்டும் என்று கேட்டாள்.

"சாப்பாட்டு நேரத்துல சொந்தக்காரங்கள உள்ள விடுறதில்லங்க," என்றார் மனோகரன். "ஒருத்தர் வீட்டு ஆளப் பாத்தா மத்தவங்களும் ஏங்கிப் போயிடுறாங்க."

"நான் உள்ள வரல. அடுப்பங்கரையில நின்னு பாக்குறேன். அவன் தட்டுல என்ன நடக்குதுன்னு பாக்காம நான் கெளம்ப மாட்டேன் சார்."

மனிதர் முகத்தைச் சுளித்தார். ஆனாலும் அடுப்பங்கரைப் பக்கம் கையைக் காட்டினார்.

அன்று சாம்பார், கத்திரிக்காய்ப் பொரியல், ஆளுக்கொரு முட்டை. பன்னிரண்டு பேருக்கும் அமிர்தம் ஒருத்திதான். ஒருவருக்கு ஊட்டி, ஒருவருக்கு மூக்கைத் துடைத்து, ஓடி ஓடிப் பரிமாறினாள். தியாகு குனிந்த தலை நிமிராமல் தின்றான். பிடுங்கவே இல்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜாஃபர் தன் முட்டையை இரண்டு விரலால் மெல்லத் தள்ளி, விளிம்பைத் தாண்டி, தியாகுவின் தட்டில் விட்டான். விட்டுவிட்டுக் கையைத் தொடையில் வைத்துக்கொண்டு தியாகுவின் முகத்தையே பார்த்தான். தியாகு முட்டையை வாயில் போட்டுக்கொண்டான். ஜாஃபர் சாம்பார் சோற்றில் ஒரு கவளத்தைத் தள்ளினான். மறுபடியும் பார்த்தான். அதுவும் போயிற்று. கொஞ்ச நேரத்தில் தட்டு காலி. அவன் வாயில் ஒரு பருக்கைகூடப் போகவில்லை.

அந்தத் தள்ளல் அனீஸாவுக்குத் தெரிந்ததுதான்.

முத்துப்பேட்டை வீட்டில் அவர்களுக்குச் சஹன்தான். ஒரே பெரிய தட்டு, சுற்றி எல்லாரும். நல்ல துண்டு கைக்கு வந்தால் பக்கத்திலிருப்பவர் பக்கம் நகர்த்த வேண்டும், அதுதான் மரியாதை. ஜாஃபருக்கு உம்மா கற்றுக்கொடுத்ததிலேயே உருப்படியாக ஒட்டிக்கொண்டது அது ஒன்றுதான். அவன் தள்ளுவான், உம்மா திருப்பித் தள்ளுவாள், அதன்பிறகே வாயில் வைப்பான். உம்மாவுக்குப் பிறகு அனீஸா தள்ளினாள். சேர்க்கும்போது இங்கே என்னென்னவோ கேட்டார்கள். வலிப்பு உண்டா, மாத்திரை எத்தனை, கக்கூசுக்குத் தானே போவானா என்று. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். எப்படிச் சாப்பிடுவான் என்று அவர்களும் கேட்கவில்லை, சொல்ல வேண்டும் என்று இவளுக்கும் தோன்றவில்லை. காலை டீயையும் பிஸ்கட்டையும் தவிரப் பிள்ளை பட்டினி கிடந்திருக்கிறான். அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"ஒங்க கண்ணுக்கு முன்னாடிதானே சார் உக்காந்திருக்கான்! தட்டப் பாத்தீங்க, அவன் வாயப் பாக்கலியே!"

மனோகரனுக்கு முகம் செத்துப்போனது. "தியாகுவ வேற எடத்துல உக்கார வச்சிடுறேம்மா."

"அப்ப அடுத்தவன் தட்டுல தள்ளுவான். எங்க வீட்டுல எல்லாருக்கும் ஒரே தட்டு, அவன் தள்ளுனா திருப்பித் தள்ளணும், அப்பத்தான் வாயில வைப்பான்."

"அய்யோ, நான் பாக்கலியேம்மா," என்று தலையில் கை வைத்தாள் அமிர்தம். பிறகு, வடாம் காயவைக்கிற அகலத் தாம்பாளத்தை எடுத்துவந்து கழுவினாள். "ராத்திரிலேர்ந்து இதுல போட்டு நானும் கூட உக்காந்துக்கிறேன். நீங்க தைரியமாப் போங்க."

"ஆளுக்கொரு தட்டுங்கிறது சுத்தத்துக்காக வச்சது," என்று மனோகரன் இழுத்தார். அமிர்தம் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

தம்பிக்குத் தன் கையால் தள்ளித் தள்ளிச் சோறு கொடுத்துவிட்டு அனீஸா புறப்பட்டாள். பேருந்து நிறுத்தத்தில் ஒரு வண்டி வந்தது, ஏறவில்லை. இன்னொன்றும் போனது. நான் நிற்கும்போது யார்தான் நன்றாகப் பார்க்க மாட்டார்கள்? மஸ்கட்டிலிருந்து எட்டிப் பார்க்க முடியுமா? இருட்டத் தொடங்கியதும் வந்த வழியே திரும்பினாள். வாசல் பக்கம் போகாமல், நடவு முடிந்த வயலின் வரப்பில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து, சாப்பாட்டு அறையின் ஜன்னலுக்கு வெளியே சேற்றில் நின்றாள். கள்ளத்தனம்தான். வெட்கப்பட நேரமில்லை.

தாம்பாளம் வைத்திருந்தார்கள். ஜாஃபர் ஒரு பக்கம், தியாகு ஒரு பக்கம், நடுவில் அமிர்தம். ஜாஃபர் உருளைக்கிழங்கைத் தள்ளினான், அமிர்தம் திருப்பித் தள்ளினாள், அவன் தின்றான். அல்ஹம்துலில்லாஹ் என்று அனீஸா மூச்சு விடுவதற்குள் அறையின் மறுகோடியில் யாரோ வீலென்று கத்தினார்கள். தண்ணீர்ச் செம்பு உருண்டது. அமிர்தம் எழுந்து ஓடினாள்.

திரும்பி வரவில்லை. அங்கே ஒருவருக்கு வலிப்பு.

ஜாஃபர் இன்னொரு கிழங்கைத் தியாகு பக்கம் நகர்த்தினான். தியாகு தின்றான். ஜாஃபர் கையைத் தொடையில் வைத்துக்கொண்டு பார்த்தான். இன்னொன்று. அதுவும் போனது. அனீஸா ஜன்னல் கம்பியை இறுகப் பற்றினாள். கூப்பிடலாம். இன்று அமிர்தத்தைக் கூப்பிடலாம். திங்கட்கிழமை யார் கூப்பிடுவது?

தியாகு மெல்லுவதை நிறுத்தினான். எதிரே இருந்த முகத்தைப் பார்த்தான். அமிர்தம் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தான். பிறகு தாம்பாளத்து ஓரத்தில் கிடந்த, மத்தியானம் மிஞ்சிய கத்திரிக்காயில் ஒரு துண்டை எடுத்து, விரலை நக்கிக்கொண்டு, ஜாஃபர் பக்கம் தள்ளினான். தனக்குப் பிடிக்காததைத்தான் தள்ளினானோ என்னவோ.

கத்திரிக்காய் என்றால் ஜாஃபர் முகத்தைத் திருப்பிக்கொள்வான். உம்மா எத்தனை கெஞ்சியும் முப்பது வருஷத்தில் ஒருநாளும் அதை நாக்கில் வைத்ததில்லை.

எடுத்து வாயில் போட்டான். மென்றான். முகம் கோணியது. விழுங்கிவிட்டு, இருந்ததிலேயே பெரிய கிழங்கைத் தியாகு பக்கம் நகர்த்தினான்.