சோதனைக்குப் போன புயல்

விஜிலா அந்தக் காற்று எச்சரிக்கை ஃபங்ஷனை எழுதி நான்கு மாதம் ஆகியிருந்தது. தூத்துக்குடியில் எட்டுப் பேர் வேலை பார்க்கும் கம்பெனி. சொந்தமாக சர்வர் கிடையாது. காற்றின் வேகம் பற்றிய தகவல் வரும்போது மட்டும் ஃபங்ஷன் என்கிற அந்தச் சின்ன புரோகிராம், கிளவுட் என்ற வாடகை சர்வரில் ஓடி, திரேஸ்புரத்து நாட்டுப்படகுக்காரர்கள் முந்நூறு பேருக்குக் குறுஞ்செய்தி அனுப்பிவிட்டு நின்றுவிடும்.

எழுத்துப்பிழையைத் திருத்தினால்கூட கிளவுடில் ஏற்றித்தான் பார்க்க வேண்டும் என்பார் மேனேஜர் கிளைட்டன். ஏற்ற ஆறு நிமிஷம், என்ன நடந்தது என்று தேட இன்னும் ஐந்து. விஜிலா பழைய காற்றுத் தகவல்களைச் சேமித்துவைத்து, தன் லேப்டாப்பிலேயே ஃபங்ஷனை ஓட்ட வழி செய்தாள். அங்கே செய்தி எதுவும் வெளியே போகாது. யாருக்கு என்ன போயிருக்கும் என்று மட்டும் திரையில் தெரியும். நாற்பது சோதனையும் மூன்று செகண்டில் முடிந்தது.

"அதெல்லாம் பெரிய கம்பெனிக்கும்மா. நேரா ஏத்திப் பாரு," என்றார் கிளைட்டன்.

ஒரு வியாழக்கிழமை அவள் லீவில் இருந்தபோது, அவரே செய்தியின் வாசகத்தை மாற்றி ஏற்றினார். மணிக்கு எழுபத்தைந்து கிலோமீட்டர் காற்று என்று ஒரு பொய்த் தகவலைக் கொடுத்துப் பார்த்தார். ஃபங்ஷன் ஒழுங்காகவே ஓடியது. 'புயல்காற்று. உடனே கரை திரும்பவும்.' முந்நூறு பேருக்கும் போய்விட்டது. வள்ளங்கள் விரித்த வலையை அறுத்துப்போட்டுவிட்டு ஓடிவந்தன. கரையில் ஓலைகூட அசையவில்லை.

மறுநாள் படகுக்காரர்கள் சங்கச் செயலாளர் ரோச் ஆபீசுக்கு வந்தார்.

"புதுப் பிள்ளை. தெரியாம அழுத்திட்டா," என்றார் கிளைட்டன், அவள் பக்கமே திரும்பாமல்.

விஜிலாவுக்குக் காது மடல் எரிந்தது. லேப்டாப்பை ரோச் பக்கம் திருப்பினாள். "நேத்து நான் லீவு அண்ணாச்சி. ஏத்துனது யாருன்னு இதுல பேரு இருக்கு. வாசிங்க."

ரோச் வாசித்தார். கிளைட்டனை ஒருதரம் பார்த்தார். "எவரு அழுத்துனாலும் போன வலை போச்சு. நாளைக்கு நெசமாவே காத்து வந்து நீங்க சொன்னா, எவன் நம்புவான்?"

விஜிலா கிளைட்டன் பக்கம் திரும்பினாள். கோபம் இரட்டிப்பானது. "சோதனை தேறாம இனி எதுவும் ஏறக் கூடாது சார். பூட்டிருதேன். முடியாதுன்னா நான் இப்பமே கிளம்புதேன்," என்றாள். ரோச் எதிரே நின்றதால் கிளைட்டன் தலையாட்டினார். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை.

ஒன்பதாம் நாள் மதியம் உண்மையாகவே காற்று வருவதாகத் தகவல் வந்தது. செய்தி போன மறுநிமிஷம் ஆபீஸ் போன் அடித்தது. ஒரு படகுக்காரர்.

"ஏளா, இது நெசமா, டெஸ்ட்டா?"

"நெசம் அண்ணாச்சி. கடலுக்குப் போவாதீங்க."

அடுத்தடுத்து அதே கேள்வி. இருபதாவது அழைப்பில் அவள் எழுந்து, அடித்துக்கொண்டிருந்த போனைக் கிளைட்டனின் மேஜையில் வைத்தாள்.

"இனி நீங்க சொல்லுங்க சார்."

அவர் டீயைக் கீழே வைத்துவிட்டுப் போனை எடுத்தார். "நெசந்தான்," என்றார். எதிர்முனையில் இருந்தவர் நம்பவில்லை போல. கிளைட்டன் மறுபடியும் சொன்னார்.