முதல் வரிசைக் கைக்குட்டை

அப்பா வாத்தியம் வாசிக்கிற வில்லுக்குப் பிசின் தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்த்த இடத்தையே திரும்பத் திரும்பத் தேய்த்தார். கூடத்தில் அம்மாவின் உடலைக் கிடத்தியிருந்த கட்டிலுக்குப் பக்கத்தில் நாலு நாற்காலி போட்டாகிவிட்டது. சித்தப்பாவும் அவருடைய சிநேகிதரும் வயலின்களைச் சுருதி சேர்த்தார்கள். எல்லோரும் 'மலை' என்று கூப்பிடும் செல்லோக்காரர் மூக்கை உறிஞ்சியபடி தன் பெரிய வாத்தியத்தை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வயலினைவிடச் சற்றுப் பெரிதான அப்பாவின் வயோலா மட்டும் இன்னும் அதன் பெட்டியில் கிடந்தது.

"வண்டி வர்றதுக்குள்ள வாசிச்சிடலாம்" என்றார் சித்தப்பா. "அண்ணியோட பாட்டுதானே?"

கட்டில் ஓரம் நின்றிருந்த மகள் அப்பாவைப் பார்த்தாள்.

கல்யாணமான புதிதில் அம்மா முனகிக் காட்டிய ஒரு மெட்டை வைத்துத்தான் அப்பா அந்த நால்வர் இசையை எழுதினார். நாலு வாத்தியமும் ஒன்றன்பின் ஒன்றாக அந்த மெட்டை வாங்கி இழுத்து இழுத்துப் புலம்பும். அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததே அதுதான். போன இடமெல்லாம் சனங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்று கைதட்டினார்கள்.

ஆனால் அது அழுகைப் பாட்டே இல்லை. களை எடுக்கிற பெண்கள் வரப்பில் நடந்து போகிற புது மாப்பிள்ளையை வம்புக்கு இழுக்கிற பாட்டு. மாப்பிள்ளை வழுக்கிச் சேற்றில் விழுகிறான். கையிலிருந்த குடை மட்டும் நிமிர்ந்து நிற்கிறது. அதற்குமேல் வார்த்தைகள் கொஞ்சம் பச்சையாக இருக்கும். புதுப் புருஷனிடம் சொல்லக் கூசித்தான் அம்மா வெறும் மெட்டை முனகினாள். எழுதிக்கொள்ள வசதியாக இருக்கட்டுமே என்று நிறுத்தி நிதானமாக முனகினாள். மனுஷர் அதுதான் பாட்டின் வேகம் என்று நினைத்துவிட்டார்.

"வாசிச்சுக் காட்டிட்டு அவரே அழுதுட்டார்டி. அதுக்கப்புறம் எந்த வாயால சொல்றது?" என்று அம்மா சிரித்தது போன வாரம்தான், ஆஸ்பத்திரிக் கட்டிலில். சிரிப்பு அடங்கியதும், "நான் போனா அதை அப்படி இழுத்து வாசிக்க விட்டுடாதே. எனக்குச் சிரிப்பு வந்துடும்" என்றாள். கூடவே, "அப்பா மனசு நோகக் கூடாது" என்றும் சொன்னாள். ரெண்டையும் மகள் தலையில் கட்டிவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டாள் மகராசி.

சொன்னால் அப்பா உடைந்துபோவார். சொல்லாவிட்டால் அம்மா கேட்ட கடைசி ஒன்றும் மண்ணாகிப்போகும். அதற்குள் அப்பா வயோலாவை எடுத்துத் தோளில் வைத்துவிட்டார்.

"அப்பா, ஒரு நிமிஷம்."

அவர் காதருகே குனிந்து எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். அப்பா அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாக் கச்சேரியிலயும் முதல் வரிசையில உக்காந்து கைக்குட்டையால வாயைப் பொத்திக்குவாளே" என்றார் கடைசியில். "குலுங்கிக் குலுங்கி..."

"ஆமாப்பா."

"நான் அழறாள்னு நெனச்சேன்."

வாசலில் வண்டி வந்து நிற்கிற சத்தம் கேட்டது.

"என்னண்ணே, ஆரம்பிக்கலாமா?" என்றார் சித்தப்பா.

அப்பா திரும்பினார். "எவ்வளவு வேகம், பாப்பா?" என்று மகளைக் கேட்டார்.

அவள் கட்டில் சட்டத்தில் விரலால் தட்டிக் காட்டினாள். அப்பாவின் கால் அதைப் பிடித்துக்கொண்டது.

"பாட்டு எழுதின தாளையெல்லாம் மூடுங்க. நான் தொடங்குறேன், பின்னாலயே வந்துடுங்க."

வயோலா தனியாகக் கிளம்பியது. மலை திகைத்து, தடுமாறி, ஒருவழியாகப் பின்னால் ஓடி வந்து சேர்ந்துகொண்டார். வயலின்கள் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு உள்ளே நுழைந்தன. "சாவு வீட்டுல என்ன கூத்து இது?" என்று யாரோ முணுமுணுத்தார்கள். சுவரோரமாகச் சுருண்டு உட்கார்ந்திருந்த பெரியம்மா, அம்மாவின் அக்கா, தலையைத் தூக்கினாள். அவள் உதடுகள் தாமாக அசைந்தன. குடை நிமிர்ந்து நிற்கும் இடம் வந்ததும், "அடிப் பாவி!" என்று தங்கையைப் பார்த்துச் சொல்லி நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

மகள் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அப்பா வாத்தியத்துக்கு மேலாக அவளைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே வேகத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினார்.