தீயணைப்பு வண்டிச் சிவப்பு

நான் சொல்லப்போவதில் ஓர் எழுத்து பொய்யென்றால் என் நாக்கு அழுகிப்போகட்டும். பல்லின் மேல் சத்தியம் செய்யலாமென்றால், அது ஒன்றுகூட மிச்சமில்லை.

என் மாப்பிள்ளை வண்டிப் பட்டறையில் பெயிண்ட் அடிப்பவர். அந்த வாரம் ஒரு தீயணைப்பு வண்டிக்குச் சிவப்பு அடித்தார். அந்தச் சிவப்பைப் பார்த்து, பொழுது சாய்ந்துவிட்டதென்று காக்கைகள் மத்தியானமே கூடு திரும்பின. ஒரு காக்கையிடம் விசாரித்தும் பார்த்தேன்.

மறுநாள் காலையில் மாப்பிள்ளையின் முகமெல்லாம் பொடிப்பொடியாகச் சிவப்புப் புள்ளிகள்.

“பெயிண்ட் தெறிச்சிருக்கு மாமா” என்று தின்னரில் துணியை நனைத்துத் தேய்த்தார். கன்னம் பளபளத்தது; புள்ளி போகவில்லை. சாயங்காலத்துக்குள் கழுத்து, மார்பு என்று கீழே இறங்கிவிட்டது.

என் மகளுக்கு அப்போது இரண்டாம் மாதம். தலைச்சன் பிள்ளை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு புருஷனைப் பார்த்தாள்.

“ஏங்க, வேலை செய்யறப்ப முகமூடி போடுவீங்கல்ல?”

“போடாம? சிவப்பு மூக்கோட வந்தா நீ வீட்டுக்குள்ள விடுவியா?”

“அப்ப முகமூடிக்குள்ள எப்படித் தெறிச்சுது?”

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

“காதுக்குப் பின்னால வீங்கியிருக்கு. உடம்பும் லேசா சுடுது. டாக்டர்கிட்ட போவோம்.”

“இந்தப் புள்ளிக்கா? தானா மறைஞ்சிடும். நான் கல்லு மாதிரி இருக்கேன்டி.”

“உங்களுக்காக இல்லங்க. வயித்துல இருக்கறதுக்காக.”

உடனே கிளம்பினோம். பஸ் கிடைக்கவில்லை. பாதி அடித்த தீயணைப்பு வண்டியையே எடுத்துக்கொண்டோம். ஊரே ஒதுங்கி வழிவிட்டது. இரண்டு இடங்களில் எங்களைப் பார்த்ததும் தீ தானாகவே அணைந்தது.

மகள் முன்கூட்டியே போன் செய்திருந்ததால், டாக்டரம்மா எங்களைப் பின்வாசல் வழியாக வரச் சொன்னார்.

“முன்னாடி மாசமா இருக்கறவங்க உட்கார்ந்திருக்காங்க. இது ரூபெல்லா அம்மையா இருந்தா அவங்களுக்கும் ஒட்டிக்கும்” என்றார். “இவருக்குப் பெருசா ஒண்ணும் ஆகாது. ஆனா முதல் மூணு மாசத்துல தாய்க்குத் தொத்துச்சுன்னா, குழந்தையோட கண்ணு, காது, இதயம், எதை வேணா பாதிக்கும். இதுக்குத் தடுப்பூசி போட்டிருக்கியாம்மா?”

“தெரியல டாக்டர். இப்பப் போட்டுக்கலாமா?”

“வயித்துல குழந்தை இருக்கறப்ப போடக்கூடாது. முன்னாடியே போட்டிருக்கணும். ரத்தம் எடுத்துப் பார்த்துடலாம், தெரிஞ்சிடும்.”

முடிவு வரும்வரை மூவரும் பின்வாசல் படியிலேயே உட்கார்ந்திருந்தோம். எனக்குப் பயமும் வரவில்லை, நம்பிக்கையும் வரவில்லை.

மகளின் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி ஏராளமாம். மிச்சத்தைப் பக்கத்துத் தெருவுக்குக் கொடுத்தனுப்பலாம் என்று டாக்டரம்மாவே சொன்னார்.

பேத்தி பிறந்தாள். காதென்றால் அப்படியொரு காது. எறும்பு சுவரேறினால் விழித்துக்கொள்வாள். பட்டறையில் அவள் அப்பன் தும்மினால் இங்கே தொட்டிலில் சிரிப்பாள். நான் மனசுக்குள் பொய் சொன்னால்கூடத் திரும்பிப் பார்ப்பாள்.

அன்றைக்கு நாங்கள் யாரும் டாக்டரிடம் போகவில்லை. பேத்திக்குப் பிறவியிலேயே காது கேட்காது.