இருபது மணி நேரம்

குழந்தை பிறந்த ஏழாவது மாதத்தில் அறிவுச்செல்விக்கு அந்த மின்னஞ்சல் வந்தது. குறைந்த தண்ணீரில் தோட்டம் அமைப்பதற்காக அவள் வாங்கிய சான்றிதழ் ஆகஸ்டோடு முடிகிறது. புதுப்பிக்க இருபது மணி நேரப் பயிற்சியும் ஒரு தோட்டத்தைப் பற்றிய அறிக்கையும் வேண்டும். அவள் இன்னும் ஒரு வகுப்பில்கூட உட்காரவில்லை.

"உட்டுரலாமுங்க. அடுத்த வருசம் மறுபடி பரீட்ச எழுதிக்கறேன்" என்றாள்.

அவள் கணவன் மாதேஷ் ரிக் வண்டியில் ஊர் ஊராகப் போய்ப் போர்வெல் போடுகிறவன். வடக்கே சத்தீஸ்கரில் மழை பிடித்ததால் வண்டி திருச்செங்கோட்டுக்குத் திரும்பி ஒரு வாரம் ஆகியிருந்தது.

"ரெண்டு தடவ பெயிலாகி வாங்குனது அம்மிணி. எதுக்கு உடோணும்? நான் ஊட்லதான இருக்கறேன், பாப்பாவ நான் பாத்துக்கறேன்."

மறுநாளிலிருந்து காலை பத்து மணிக்கு அவள் லேப்டாப்பைத் திறந்தாள். அவன் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கும் புழக்கடைக்கும் நடந்தான். பால் கொடுக்கும்போது கேமராவை அணைத்துவிட்டுப் பாடம் கேட்டாள். மூன்றாம் நாள், தூங்கும் குழந்தையோடு அவனும் அவள் பின்னால் தரையில் உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தான்.

அறிக்கைக்கு, சேலம் அஸ்தம்பட்டியில் பல் மருத்துவர் ஜாக்குலினின் கிளினிக்கைச் சுற்றியிருந்த காலி இடம் அமைந்தது. மூவரும் பஸ்ஸில் போனார்கள். அறிவுச்செல்வி ஒரு முழம் குழி எடுத்துத் தண்ணீர் ஊற்றி, அது எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று குறித்துக்கொண்டிருந்தாள். ஜாக்குலினுக்கு ஆசை, இடம் முழுக்கப் புல்தரை. மாதேஷின் தொழில் தெரிந்ததும் அவனிடம் திரும்பினார்.

"ஒரு போர் போட்டுட்டா புல்லு நிக்குமில்ல? நீங்களே போட்டுக் குடுங்களேன்."

அறிவுச்செல்வி குழியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அவனுக்குத் தேடி வருகிற வேலையை எப்படி வேண்டாம் என்பது?

மாதேஷ் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினான். "போடலாமுங்க டாக்டர். ஆனா ஆயிரம் அடி போனாலும் இங்க தண்ணி வருமான்னு எனக்குத் தெரியாதுங்க. மாடியில பேயற மழய என்ன பண்ணலாம்னு இவ சொல்லுவா. அதக் கேட்டுட்டு, அப்பவும் வேணும்னா என்னையக் கூப்புடுங்க."

ஜாக்குலின் அரைமணி நேரம் அவளோடு கட்டடத்தைச் சுற்றி வந்தார். காத்திருக்கும் பிள்ளைகள் உட்கார ஒரு பாய் அகலத்துக்குப் புல் போதும் என்றானது. மாடித் தண்ணீருக்கு ஒரு குழி. அதைச் சுற்றி நந்தியாவட்டையும் ஆடாதொடையும்.

திரும்பும் பஸ்ஸில், "வந்த வேலைய உட்டுட்டீங்களே?" என்று கேட்டாள்.

"நீ தலையே நிமிரல. எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு" என்றான் அவன்.

அக்டோபரில் புதுச் சான்றிதழ் வந்தபோது, மழை விட்டிருந்ததால் அவன் மறுபடி சத்தீஸ்கரில் இருந்தான். போனில் ரிக்கின் இரைச்சல் கேட்டது. தள்ளிப் போய்ப் பேசினான்.

"படி அம்மிணி."

படித்தாள்.

"இன்னொருக்கா படி. மெதுவா. அதுல நம்பரு இருக்குமில்ல, அதையும் சேத்து."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் வரியிலிருந்து தொடங்கினாள்.