இடது பக்கம் நீந்து, ஓபல்

இப்போதெல்லாம் எவரும் எதையும் சும்மா செய்வதில்லை. ஆற்றில் இறங்கினால்கூட ஒரு பாடத்தைப் பிழிந்தெடுத்த பிறகுதான் கரையேறுகிறார்கள். சர்ச் கூட்டங்கள் தலைக்கவசத்தில் கேமராவை மாட்டிக்கொண்டு வருகின்றன. படகு என்றால் சபை, பாறை என்றால் சோதனை, துடுப்பு என்றால் வேதப்புத்தகம் என்று அச்சடித்த தாளை நனையாத உறையில் போட்டு ஆளுக்கொன்று கொடுக்கிறார்கள். படகோட்டும் கைடு இயேசுவாம். நியூ ரிவரில் பத்தொன்பது வருடம் நான் கைடாக இருந்தேன். எந்தக் கைடும் இயேசு இல்லை. பாதிப் பேர் முந்தின நாள் குடித்த பீர் வாடையோடு படகைத் தள்ளியவர்கள்.

நானும் ஒரு தடவை சர்ச் கூட்டத்தை ஏற்றிப்போனேன். எண்பத்து நான்காம் வருடம், ஜூன் மாதம். என் மனைவி ஓபலின் சர்ச். எங்கள் மேற்கு வர்ஜீனியாவில் நிலக்கரிச் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடிய காலம். இருபது வருடம் மண்ணுக்கடியில் இருந்துவிட்டு நான் தண்ணீருக்கு வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது.

ஓபல் மலைச்சரிவில் இருக்கிற சின்ன பாப்டிஸ்ட் சர்ச்சில் வளர்ந்தவள். நான் ஞானஸ்நானம் எடுக்காதவன். கல்யாணமாகி இருபத்தோரு வருடத்தில் அவள் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். புது அடுப்பு கேட்கவில்லை. கடற்கரைக்குக் கூட்டிப்போகச் சொல்லவில்லை.

"நீ இல்லாத மோட்சத்துல நான் யார்கூட சண்டை போடுறது, ஆர்லி?" என்பாள், சோளரொட்டியைத் திருப்பிக்கொண்டே.

என் பதில் அவளுக்குத் தெரியும். சுரங்கக் கூரை இடிந்தபோது என் தம்பி லோனி முழங்காலில் நின்று ஜெபித்துக்கொண்டிருந்தான். நான் கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டே ஓடினேன். இதை உட்கார்ந்து எழுதுவது யார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த வருடம் அவள் வேறு வழியாக வந்தாள். அவர்கள் போதகர் பிரதர் டில்லார்ட், சபையாருக்கு ஓர் ஆற்றுப் பயணம் ஏற்பாடு செய்திருந்தார். பயணம் முடிகிற இடத்தில், ஆறு அடங்கிக் கிடக்கும் மடுவில், ஞானஸ்நானம்.

"நான் உன் ஆத்துல வர்றேன். நீ என் தண்ணியில இறங்கு," என்றாள்.

அவளுக்கு நீச்சல் அரைகுறை. கண்ணாடி இல்லாவிட்டால் நாலடி தள்ளி நிற்கிற என் முகமே ஒரு வெள்ளைத் திட்டுதான். ஆற்றைக் கண்டால் அவளுக்கு எத்தனை பயம் என்று எனக்குத் தெரியும். "பார்க்கலாம்," என்றேன். அவள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

காற்றடித்த என் ரப்பர் படகில் ஆறு பேர். கரையில் நிறுத்தி எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தேன்.

"விழுந்தா எழுந்து நிக்காதீங்க. கால் பாறை இடுக்குல மாட்டிக்கும், தண்ணி அப்படியே அமுக்கிரும். மல்லாக்கப் படுத்து காலை முன்னால நீட்டுங்க. படகு பாறையில மோதப்போகுதுன்னா, எல்லாரும் பாறைப் பக்கமாப் பாயணும். விலகக் கூடாது. விலகினா கவுந்துரும்."

சபை மூப்பர் ஹோபர்ட் முந்நூறு பவுண்டு ஆள். "என்னை ஏத்தினா மிதக்குமா, ஆர்லி?"

"உன்னை ஏத்தலாம், ஹோபர்ட். உன் பாவத்தையும் சேர்த்து ஏத்தினாத்தான் சிரமம்."

பாட்டுக்குழு வெர்னா சத்தமாகச் சிரித்தாள். ஓபல் என் முதுகில் துடுப்பால் ஒரு தட்டு தட்டினாள். லைஃப் ஜாக்கெட் அவள் முகவாய்வரை ஏறியிருந்தது. இருபது வயதுப் பெண் போல இருந்தாள். அந்தக் காலை வெயில், ஆற்றின்மேல் கலைந்துகொண்டிருந்த பனிமூட்டம், அவள் வைத்துக் கட்டிய முட்டை சாண்ட்விச் மணம், எல்லாம் எனக்கு இப்போதும் அப்படியே இருக்கிறது. இன்றைக்குக் காலையில் சாப்பிட்டதை மறக்கிறேன், அதை மறக்கவில்லை.

தண்ணீர் அமைதியாக இருந்த இடமெல்லாம் பிரதர் டில்லார்ட் பேசினார்.

"பாறையைக் கண்டா விலகிடணும். சோதனையும் அப்படித்தான், பிரியமானவங்களே."

"பாறைப் பக்கம் பாயணும்னு இப்பத்தானே சொன்னேன், போதகரே."

"ஆவிக்குரிய அர்த்தத்துல சொன்னேன், பிரதர் ஆர்லி."

"தண்ணிக்கு அந்த அர்த்தம் தெரியாது."

மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் 'கோவேறுகழுதை' வந்தது. ஆறு சரிந்து பாயும் அந்த இறக்கம் உதைக்கும் என்பதால் நாங்கள் அதற்கு வைத்த பெயர். முதல் அலையை வேகமாகத் துடுப்புப் போட்டுத் தாண்டினால், அடுத்துள்ள பெரும்பாறைக்கு இடது பக்கமாகப் போய்விடலாம்.

"முன்னால போடுங்க! போடுங்க!" என்று கத்தினேன்.

அலை படகுக்குள் வந்து விழுந்தது. வெர்னா அலறினாள். பிரதர் டில்லார்ட் கையைத் தூக்கி, "ஜெபிப்போம்!" என்றார்.

அந்தச் சர்ச்சில் 'ஜெபிப்போம்' என்ற சொல் காதில் விழுந்தால் பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடிக்க வேண்டும். மூன்று வயதிலிருந்து பழகியது, யோசித்துச் செய்வதில்லை. ஆறு பேரும் துடுப்பை மடியில் போட்டுவிட்டுக் கைகோத்துக் கண்ணை மூடினார்கள். நட்டாற்றில், கோவேறுகழுதையின் நடுவில். நான் ஒருவன் பின்னால் நின்று என்ன செய்ய? படகு குறுக்கே திரும்பிப் பாறையில் மோதியது.

"பாறைப் பக்கம்! பாறைப் பக்கம்!"

கோத்த கை கோத்தபடியே, அத்தனை பேரும் ஒரே ஆளாகப் பாறையை விட்டு விலகிச் சாய்ந்தார்கள். அந்தப் பக்கம் தாழ்ந்தது, தண்ணீர் கொட்டியது. ஓரத்தில் இருந்தவள் ஓபல். வெர்னாவின் பிடியிலிருந்து அவள் கை வழுக்கிப்போனதைப் பார்த்தேன்.

ஹோபர்ட்டின் சட்டையைப் பிடித்துப் பாறைப் பக்கம் இழுத்துப் போட்டேன். அவர் எடைதான் படகைக் கவிழாமல் நிறுத்தியது. பாறைமேல் ஏறி ஓபலைத் தேடினேன். நீரோட்டத்தில் முப்பது அடி தள்ளி அவள் தலை தெரிந்தது. மல்லாந்து, காலை நீட்டி, நான் சொன்னபடியே போய்க்கொண்டிருந்தாள். முகத்தில் கண்ணாடி இல்லை. அவளுக்கு முன்னால் வலது பக்கம் ஒரு பாறை இருந்தது. அதன் அடிப்பாகம் குடைந்துபோனது. அதற்குள் போன மரக்கட்டைகள் வெளியே வந்ததில்லை.

கயிற்றை வீசினேன். எட்டவில்லை.

"இடது பக்கம் நீந்து, ஓபல்! இடது பக்கம்!"

சுரங்கத்தில் கத்திக் கத்திக் கிழிந்த தொண்டை என்னுடையது. அவள் காதில் விழுந்தது. ஆனால் இடது பக்கம்தான் அலை வெள்ளையாக நுரைத்துப் பயமாக இருந்தது. வலது பக்கம் தண்ணீர் வழுவழுப்பாக, சாதுவாகத் தெரியும். கண்ணில்லாதவளுக்கும் காதில் எந்தப் பக்கம் இரைச்சல் என்று தெரியும் அல்லவா? அவள் இரைச்சலை நோக்கித் திரும்பிக் கையைப் போட்டாள். அரைகுறை நீச்சல்தான். நாய் நீந்துவது போல நீந்தினாள். நுரை அவளை மூடியது. பிறகு மறுபுறம், கரையோரத் தேங்கலில், தலை எழுந்தது.

நாங்கள் படகை விடுவித்துப் போய்ச் சேர்ந்தபோது அவள் மணலில் உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"கர்த்தருடைய கரம்!" என்று பிரதர் டில்லார்ட் அழுதார்.

"கரமும் இல்லை, காலும் இல்லை," என்றேன். "உங்க ஆளுங்க கை துடுப்புல இருந்திருந்தா இவ விழுந்தே இருக்க மாட்டா. இவளாவேதான் நீந்தினா. இவ கைதான்."

அவர் முகம் செத்துப்போனது. "அது என் தப்புதான், பிரதர் ஆர்லி," என்றார். அப்படி ஒரு போதகர் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

ஓபல் வாயைத் துடைத்துக்கொண்டாள். "ரெண்டு பேரும் கத்தாதீங்க." பிறகு என் குரல் வந்த திசையைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினாள். "ஆர்லி, எனக்கு ஒண்ணுமே தெரியலை. வெறும் வெள்ளை. எந்தப் பக்கம் போகப் பயமா இருந்துச்சோ, அந்தப் பக்கமே போன்னு சத்தம் வந்துச்சு. போனேன். விசுவாசம்னு நான் இத்தனை வருஷமாச் சொல்றது இதைத்தான்."

"அது வேற, இது வேற. கத்தினது நான். இருபத்தோரு வருஷமா என் குரல் உனக்குத் தெரியும்."

"கர்த்தரோட குரல் எனக்கு அதுக்கும் முன்னாலயே தெரியும்."

பதில் வராததாலேயே ஒரு விஷயம் உண்மையாகிவிடாது. என் குரலை ஹோபர்ட்டும் கேட்டார், வெர்னாவும் கேட்டாள். வேறு குரல் எதையும் அங்கே நான் கேட்கவில்லை. லோனியும் சுரங்கத்தில் ஏதாவது குரலுக்குக் காத்திருந்திருப்பான். அவனை யார் இடது பக்கம் போகச் சொன்னது?

மடுவுக்கு நாலு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். பிரதர் டில்லார்ட் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்றார். இரண்டு பேர் முங்கி எழுந்தார்கள். ஓபல் கரையில் என் பக்கத்தில் நின்றாள். தலைமுடி ஒட்டிக்கிடந்தது, உதடு நீலம். காலையில் பயந்தவள், என் ஆற்றில் முழுசாக வந்து முடித்திருந்தாள்.

"வந்துட்டேன் பாரு," என்றாள் மெதுவாக. என் விரல்களைப் பிடித்தாள்.

அவளுக்காக நான் எதுவும் செய்திருப்பேன். இறங்கி முங்கி எழுந்தால் பத்து நிமிஷ வேலை. ஆனால் நம்பாமல் முங்கினால் அது அவளை ஏமாற்றுவது. இருபத்தோரு வருடத்தில் நான் அவளை ஏமாற்றியதில்லை.

"முடியலை, ஓபல். பொய்யா இறங்க முடியலை."

அவள் என் முகம் இருந்த திட்டைப் பார்த்தாள். கோபமில்லை. கையை மட்டும் விடவில்லை. அதற்குப் பிறகு இருபத்தேழு வருடம் உயிரோடு இருந்தாள். மறுபடியும் கேட்கவேயில்லை. கேட்டிருக்கலாம் என்று சில நாள் நினைக்கிறேன்.

நான்தான் கையை உருவிக்கொண்டேன். படகைக் கவிழ்த்துத் தலைமேல் போட்டுக்கொண்டு மேட்டில் ஏறினேன். பின்னால் பாட ஆரம்பித்தார்கள். ஓபலின் குரல் தனியாகக் கேட்டது, சுருதி கொஞ்சம் பிசகி. அவள் சொன்னதில் எங்கேயோ ஓட்டை இருக்கிறது என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். பாதை வழுக்கியது. திரும்பிப் பார்க்காமல், படகுகளை ஏற்றிப்போகும் லாரி நின்ற இடத்துக்கு நடந்தேன்.