வெரீனா உள்ளே போன கதவு

லக்ஷனா கக்கூஸிலும் இல்லை.

துஷாந்தினி பள்ளிக்கூடப் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி மறுபடியும் மழைக்குள் இறங்கினாள். ஒரு செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது. அதை அங்கேயே விட்டுவிட்டு ஓடினாள்.

சைரன் அடித்து முக்கால் மணி நேரமாகிவிட்டது. மண்சரிவு சைரன் அடித்தால் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர்கள் மலையிலிருந்து நேரே பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட வேண்டும். லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் சின்னப் பிள்ளைகளைப் பெரிய பிள்ளை ஒருத்தி கூட்டிவர வேண்டும். கொஸ்லந்தைக்கு மேலே அந்தத் தோட்டத்தில் அதுதான் முறை. அவர்கள் லயத்துக்குப் பெரிய பிள்ளை துஷாந்தினி. வயது பதினாறு. பள்ளிக்கூட வாசலில் ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினாள். பதினொன்று. சரியாக இருந்தது. ஈரத் தலைகளைத் துவட்டிவிடும்போதுதான் தெரிந்தது, அதில் ஒன்று மேல் லயத்துப் பிள்ளை.

கேட்டுக்கு வெளியே அவளுடைய அண்ணன் தினேஸ் த்ரீவீலரிலிருந்து ஒரு கிழவரை இறக்கிக்கொண்டிருந்தான்.

"ஏய் துஷா! எங்கடி ஓடுற? சீரியலுக்கு நேரமாச்சா?"

"லக்ஷனா வரலண்ணே."

அவன் சிரிப்பு நின்றது. "சிவசக்தி அக்காவுக்குத் தெரியுமா?"

"அவங்க இன்னும் மலையிலேருந்து வந்து சேரல. வந்து எம்புள்ள எங்கன்னு கேட்டா நான் என்னண்ணே சொல்வேன்?"

"லயத்துலயே தூங்கிருக்கும். பயப்படாத."

"தூங்கல. அவ எங்க இருக்கான்னு எனக்குத் தெரியும்."

இருவரும் குறுக்குப் பாதையில் ஏறினார்கள். மூச்சு வாங்க வாங்க அவள் சொன்னாள். இதுவரை யாரிடமும் சொல்லாததை.

போன வருசமும் இப்படித்தான். ஒன்பது நாள் பள்ளிக்கூடத்தில் கிடந்தார்கள். பிள்ளைகள் அழுகையை நிறுத்தவில்லை என்று தினேஸ் ஒரு பென் டிரைவில் படம் போட்டுக் கொண்டுவந்தான். டீச்சர் அதைச் சுவரில் காட்டினார். வெளிநாட்டுக் கதைப் புத்தகம் ஒன்றைப் படமாக்கி, தமிழில் குரல் கொடுத்திருந்தார்கள். ஒன்பது கதவுகள் உள்ள மலை. அதற்குள் மாட்டிக்கொண்ட தன் ஊர்ச் சனத்தைத் தேடி வெரீனா என்ற சிறுமி போகிறாள். ஒன்பதாவது கதவுக்குள் அவள் நுழைந்ததும் பின்னால் கதவு சாத்திக்கொள்கிறது. 'தொடரும்' என்று எழுத்து வருகிறது. ஒன்பது நாளும் அதே படம்தான். பிள்ளைகளுக்கு வசனம் மனப்பாடம்.

அது தொடரவே இல்லை. படம் வந்து பன்னிரண்டு வருசம். போட்ட சல்லிக்காசு திரும்பவில்லை என்று கம்பெனிக்காரன் கைவிட்டுவிட்டான். வெரீனாவாக நடித்த பிள்ளைக்கு இப்போது கலியாணம் ஆகி, குழந்தையும் இருக்கிறது. துஷாந்தினி போனில் தேடித் தேடிப் பார்த்து ஆத்திரத்தில் எரிந்து போனாள். ஒரு பிள்ளையை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிட்டு எப்படி இவர்களால் வீட்டுக்குப் போக முடிந்தது? பதுளை டவுனுக்குப் போனபோது புத்தகக் கடையில் அந்தக் கதைப் புத்தகத்தைக் கேட்டாள். கடைக்காரர் பேரைக்கூடக் கேள்விப்பட்டதில்லை.

"அதனால?" என்றான் தினேஸ்.

"ரெண்டாம் பாகம் வந்துருச்சு, பதுளையில ஒரு புள்ளயோட போன்ல பாத்தேன்னு புள்ளைங்ககிட்ட சொன்னேன். அப்புறம் நானே கத சொன்னேன். மலைக்கும் நெஞ்சு துடிக்கும், கல்லுல காத வச்சா கேக்கும், 'வராத'ன்னு மூணு தரம் சொன்னா மல சரிஞ்சு வராதுன்னு."

"நீ என்ன பெரிய டைரக்டரா?" அவன் கத்தினான். "அறிவிருக்கா உனக்கு?"

"சைரன் அடிச்சா பயந்து மூத்திரம் போயிட்டிருந்துச்சுங்கண்ணே! பயம் போகட்டும்னுதான் சொன்னேன்!"

பயம் போய்விட்டது. லக்ஷனாவுக்கு மட்டும் முழுசாகப் போய்விட்டது.

பாதையோரம் புது வீடுகளுக்குப் போட்ட அத்திவாரங்கள் நனைந்து கிடந்தன. லயம் ஆபத்தான இடம், எல்லோரும் இங்கே குடிவந்துவிடலாம் என்று மாலை போட்டுக் கல் நட்டு ஏழு வருசம். இப்போது உள்ளே ஆடு மேய்கிறது.

"இதுவும் ஒன் படம் மாதிரிதான். மொத பாகத்தோட சரி," என்று தினேஸ் துப்பினான்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கல்லை எட்டி உதைக்க வேண்டும் போலிருந்தது. இங்கே ஒரு சுவர் எழும்பியிருந்தால் அவள் எந்தக் கதையும் சொல்லியிருக்க மாட்டாள்.

லயத்துக்குப் பின்னால், தண்ணீர் பிடிக்கும் பீலிக்கு மேலே பெரிய பாறை. பீலியில் தண்ணீர் செம்மண் கலந்து கொட்டியது. பாறைக்கும் மண்ணுக்கும் நடுவில், ஒரு கை நுழையுமளவு வெடிப்பு. காலையில் அவள் தண்ணீர் பிடித்தபோது அது இல்லை.

லக்ஷனா தலையில் உரப்பையைக் கவிழ்த்துக்கொண்டு, கன்னத்தைப் பாறையில் அழுத்தியபடி நின்றாள். ஒன்பது வயதுப் பிள்ளை. நடுக்கம்கூட இல்லை.

"சத்தம் போடாதீங்கக்கா. இப்பத்தான் கேக்குது."

"வாடி இங்க!"

"ரெண்டு தரந்தான் சொல்லிருக்கேன். இன்னும் ஒண்ணு..."

துஷாந்தினி அவள் கன்னத்தில் அறைந்தாள். இழுத்து அண்ணன் தோளில் போட்டாள். பள்ளிக்கூடம் வரும்வரை அந்தப் பிள்ளை அழவில்லை. அவன் தோளுக்குப் பின்னாலிருந்து மலையைப் பார்த்து மூன்றாவது தரமும் சொல்லிவிட்டது.

அவர்கள் உள்ளே நுழைந்தபோது மழை விட்டது.

சிவசக்தி ஓடிவந்து மகளைக் கட்டிக்கொண்டாள். முதுகில் ரெண்டு போட்டாள். பிறகு துஷாந்தினியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நீ இல்லாட்டி எம்புள்ள என்னாகியிருக்கும்? நல்லா இருப்ப தாயி."

அந்தக் கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது துஷாந்தினிக்கு.

பாயில் பிள்ளைகள் லக்ஷனாவைச் சூழ்ந்துகொண்டார்கள். "மூணு தரம் சொன்னேன். மழ நின்னுருச்சு பாத்தீங்களா?" பத்துப் பிள்ளைகளும் வாயைப் பிளந்து கேட்டார்கள். அடுத்த சைரனுக்கு இவர்கள் எல்லோரும் பாறைக்குப் போவார்கள்.

துஷாந்தினி நடுவில் போய் உட்கார்ந்தாள். "நான் பொய் சொன்னேன். ரெண்டாம் பாகம் வரல. எடுக்கவேயில்ல. மலைக்கு நெஞ்சும் இல்ல, காதும் இல்ல. சைரன் அடிச்சா ஓடணும், அவ்வளவுதான்."

ஒரு பையன், "சீ, பொய்க்காரி," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். சொல்லட்டும்.

லக்ஷனா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் ஐந்து விரலும் சிவந்திருந்தன.

"அப்ப வெரீனா?"

"என்ன வெரீனா?"

"உள்ள போனாளே. கதவச் சாத்துனாங்களே. இவ்வளவு வருசமா யாருமே போய்த் தொறக்கலயாக்கா?"